கமரா பூட்டுவதற்கு முன்: மட்டக்களப்பு, அம்பாறைக் கட்டடங்களில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

கடையோ, பாடசாலையோ, ஹோட்டலோ, கமரா பூட்ட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "எட்டுக் கமரா செட் எவ்வளவு?" என்றுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. விலைக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. கேற்றுக்குள் வருகிறவரின் முகம் தெரிய வேண்டுமா, காசு மேசையில் கைமாறும் தாள் தெரிய வேண்டுமா, இல்லை வளவுக்குள் ஆள் நடமாட்டம் உண்டா என்று தெரிந்தால் போதுமா? மூன்றுக்கும் வேறு வேறு கமரா, வேறு வேறு இடம். இதை யோசிக்காமல் வாங்கினால், களவு போன மறுநாள் ஏதோ ஒரு உருவம் நடந்து போவதைத்தான் திரையில் பார்க்கலாம்.

மெகாபிக்சலை நம்பி ஏமாறுவதுதான் இதில் பெரிது. 4 மெகாபிக்சல் படத்தின் அகலம் ஏறத்தாழ 2560 புள்ளிகள். முன்பின் தெரியாத ஒருவரை ஐயமில்லாமல் அடையாளம் காண, ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்கிறது ஈ.என். 62676-4 என்ற ஐரோப்பியத் தரநிலையின் 2015 பதிப்பு. தெரிந்த ஆளை மட்டுக்கட்ட 125 போதும், ஆள் இருப்பதை அறிய 25 போதும். கணக்குப் போட்டால், 4 மெகாபிக்சல் கமராவால் முகம் காட்டக்கூடிய அகலம் சுமார் 10 மீற்றர்தான். செட்டாக வரும் கமராக்களில் பெரும்பாலும் இருப்பது 2.8 மி.மீ. லென்ஸ். அது 100 பாகை அளவுக்கு அகலமாகப் பார்க்கும். அந்த 10 மீற்றர் அகலம், கமராவிலிருந்து நாலு மீற்றர் தள்ளியவுடனேயே வந்துவிடும். அதற்கு அப்பால் நிற்பவரின் முகம் உங்களுக்கு உதவாது. கேற் 10 மீற்றர் தூரத்தில் என்றால் 6 மி.மீ. லென்ஸ் கேளுங்கள். தூரம் நிச்சயமில்லை என்றால் 2.8 முதல் 12 மி.மீ. வரை மாற்றக்கூடிய லென்ஸ் வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடும். எட்டு அகலக் கமராவைவிட, சரியான லென்ஸுடன் ஐந்து கமரா நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

உயரத்திலும் இதே கதை. யாரும் கைவைக்கக் கூடாது என்று இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் பூட்டிவிடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் வருகிறவனின் தொப்பியும் தோளும்தான் தெரியும். முகத்துக்கான கமரா 2.5 முதல் 3 மீற்றர் உயரத்தில் இருக்கட்டும். கை எட்டும் என்ற பயம் இருந்தால் ஐ.கே.10 தரம் உள்ள, அடி தாங்கும் கமராவாக எடுங்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் வெயில். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று என்று போகும் பிரதான வீதி கடற்கரையை ஒட்டி வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஆகவே வீதியோரக் கடைகள் பெரும்பாலும் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருக்கும். காலையிலோ மாலையிலோ வெயில் நேரே வாசலுக்குள் இறங்கும். உள்ளிருந்து வாசலைப் பார்க்கும் கமராவில் அந்த நேரத்தில் வருகிறவர்கள் எல்லோரும் கரி உருவங்களாகத்தான் தெரிவார்கள். இதற்கு, கடும் வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டும் டபிள்யூ.டி.ஆர். வசதி வேண்டும், 120 டெசிபல் என்று விவரத்தாளில் போட்டிருக்க வேண்டும். "டிஜிட்டல் டபிள்யூ.டி.ஆர்." என்று மட்டும் இருந்தால் அது மென்பொருள் திருத்தம்தான், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கமராவைப் பகல் பன்னிரண்டு மணிக்குச் சோதித்துக் கைச்சாத்து வைக்காமல், வெயில் முகத்தில் அடிக்கும் நேரத்தில் பாருங்கள்.

அடுத்தது உப்பு. கல்லடி, காத்தான்குடி போல ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் ஊர்களில் கமரா சாவது பெரும்பாலும் கமராவினால் அல்ல, அதன் வாலில் உள்ள இணைப்பினால். கமராவின் உடல் ஐ.பி.67 தரத்தில் தண்ணீர் புகாமல் இருக்கும். ஆனால் வயரைச் செருகும் இடம் சுவரில் சும்மா தொங்கும், மேலே கறுப்பு டேப் இரண்டு சுற்று. ஒரு மாரி கழிந்து அதைப் பிரித்தால் உள்ளே ஊசிகள் பச்சை பூத்திருக்கும், விரலால் தொட்டாலே ஒன்றிரண்டு உடைந்து வரும். கமரா பழுது என்று சொல்லிப் புதியதை விற்றுவிடுவார்கள். அதுவும் அதே இடத்தில் அதே மாதிரிச் சாகும். இணைப்பு கட்டாயம் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். பெட்டியின் வயர்த் துளை கீழ்ப்பக்கமாக, வயரைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் இறப்பர் கிளாண்ட் போட்டு இருக்கட்டும். வயரை ஒரு வளைவு கீழே இறக்கி மேலே ஏற்றினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஆணிகள் துருப்பிடிக்காத 316 தர ஸ்டீலில் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடற்கரைக் கட்டடங்களுக்கு வெளியே உருண்டைக் கண்ணாடி மூடியுள்ள டோம் கமராவை நான் பரிந்துரைப்பதில்லை. கண்ணாடியில் உப்புப் படலம் படிந்தால் இரவில் கமராவின் அகச்சிவப்பு ஒளி அதிலேயே பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் புகையாகிவிடும். சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகளில் உமித்தூசும் இதையே செய்யும். சிலந்தி வலையும் அப்படித்தான்: வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கும் பொறுப்பை யாருக்காவது கொடுங்கள்.

வயரில் மிச்சம் பிடிப்பவர்கள் பிறகு இரண்டு மடங்கு செலவழிக்கிறார்கள். நெற்வேர்க் வயரில் இணைக்கும் ஐ.பி. கமராவுக்குப் படமும் கரண்டும் ஒரே வயரில்தான் போகின்றன. பி.ஓ.இ. என்ற இந்த முறையில் சாதாரண வகைச் சுவிட்ச், வயர் செருகும் ஒவ்வொரு வாயிலிலும் 15.4 வாட் வரை தரும், வயர் நீளம் 100 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சி.சி.ஏ. வயர், செம்பு பூசிய அலுமினியம். அதன் மின்தடை கூட. பகலில் ஒரு குறையும் இராது. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிய, மின்தேவை கூடி, கமரா நின்று நின்று மறுபடி தொடங்கும். இரவில் மட்டும் கமரா போய்விடுகிறது என்ற முறைப்பாடு வந்தால் நான் முதலில் பார்ப்பது வயரைத்தான். கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம்.

மின்னலும் இருக்கிறது. சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இடிமுழக்கம் கூடும் மாதங்களில் ஒரே அடியில் பதிவுப் பெட்டியும் எல்லாக் கமராக்களும் போன இடங்கள் உண்டு. இரண்டு கட்டடங்களுக்கு இடையே, பாடசாலை மண்டபத்திலிருந்து அலுவலகத்துக்கு என்பது போல, வெளியில் செம்பு வயர் இழுக்காமல் ஃபைபர் போடுங்கள். அதில் மின்சாரம் ஏறாது. மற்றவற்றுக்கு, திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சேர்ஜ் பாதுகாப்பும் முறையான எர்த்தும் வேண்டும். யு.பி.எஸ். வாங்கினால் பதிவுப் பெட்டிக்கு மட்டும் கொடுக்காதீர்கள். பி.ஓ.இ. சுவிட்ச், ரவுட்டர் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுங்கள். 2022 பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களை நினைத்துப் பாருங்கள். களவுக்கு வசதியான நேரமும் இருட்டுத்தான்.

இந்த மின்வெட்டை வைத்தே கதவுகளையும் யோசிக்க வேண்டும். கைரேகை வைத்துத் திறக்கும் கதவில் காந்த லொக் இருந்தால் கரண்ட் போனவுடன் அது விட்டுவிடும், பேட்டரி இல்லாவிட்டால் அலுவலகம் திறந்தே கிடக்கும். கரண்ட் போனாலும் மூடியே இருக்கும் வகையும் உண்டு. அதை ஹோட்டலிலோ வகுப்பறையிலோ பொருத்தும்போது உள்ளிருந்து கையால் திறக்க வழி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தீ பிடித்தால் ஆட்கள் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது.

சரி, பதிவு எத்தனை நாள் நிற்கும்? ஒரு கமரா நொடிக்கு 4 மெகாபிட் என்று எழுதினால் நாளுக்கு 43 ஜிகாபைட் ஆகும். எட்டுக் கமராவுக்கு சுமார் 345. செட்டோடு வரும் 1 டெராபைட் டிஸ்க் மூன்று நாள்கூடத் தாங்காது. ஒரு மாதம் வேண்டுமென்றால் 10 டெராபைட்டுக்கு மேல் தேவை. படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறையும், அசைவு இருக்கும்போது மட்டும் பதிவதும் இதைக் குறைக்கும். ஆனால் கச்சான் காற்றில் தென்னோலை ஆடினாலும் அசைவுதான். ஆளை மட்டும் பிரித்தறியும் வசதி இருந்தால் நல்லது. கணினி டிஸ்க்கைப் போடாமல், இரவு பகல் எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட கண்காணிப்பு டிஸ்க்கைப் போடச் சொல்லுங்கள்.

தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதை நான் மன்னிக்கவே மாட்டேன். 2016 இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் இலட்சக்கணக்கான கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது, அவற்றின் ஆரம்பக் கடவுச்சொற்களைக் கொண்டுதான். ஃபோனில் பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்து, இணையத்திலிருந்து யாரும் நேரே நுழைய வழிவிடுவதும் அதே அளவு ஆபத்து. வெளியிலிருந்து பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என். போடத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள், கமராக்களைக் கடை வைஃபையிலிருந்து தனியாக வையுங்கள்.

அண்டை வீட்டு வளவும் கிணற்றடியும் படத்தில் விழுந்தால், அந்தப் பகுதியை மறைக்கும் வசதி கமராவிலேயே இருக்கிறது. சண்டை வந்த பிறகு அல்ல, பூட்டும் அன்றே செய்யுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நாட்டில் உண்டு. கமரா இருக்கிறது என்று வாசலில் ஒரு பலகையும் வையுங்கள்.

பூட்ட வந்தவருக்குக் கடைசிப் பணம் கொடுக்குமுன் நாலு விடயம் உங்கள் முன்னால் நடக்கட்டும். நிர்வாகக் கடவுச்சொல்லை நீங்களே வைக்க வேண்டும். பெட்டியின் நேரம் உங்கள் ஃபோனோடு ஒத்துப்போக வேண்டும், நேரம் பிழைத்த பதிவைச் சாட்சியாக வைக்கும்போது கேள்வி எழும். முந்தைய இரவு இரண்டு மணிப் பதிவை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதை ஒரு பென் டிரைவில் மூல வடிவிலேயே எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். திரையை ஃபோனில் படம் பிடித்து பொலிஸுக்குக் கொடுக்க வேண்டிய நிலை உங்களுக்கு வரக் கூடாது.