சயாம் ரயில் கதையை மேசையில் ஆடியபோது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிறுதோறும் நாங்கள் ஐவர் ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையாடும் விளையாட்டில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட, 1943-இல் மலாயாத் தோட்டத் தமிழர்களை விழுங்கிய 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதையைக் களமாக்கி, முகாமில் காலரா கண்டவர்களை நான் விரிவாக விவரித்துக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்த தம்பி பகடையைக் கைக்குள் இறுக்கியபடியே தலைகுனிந்துவிட்டார். அவருடைய கொள்ளுத்தாத்தா அங்கே போய்த் திரும்பாதவர். ஆட்டம் தொடங்குமுன்னரே நான் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம், ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் 2013-இல் வடிவமைத்த எக்ஸ் அட்டையை மேசை நடுவில் வைத்தேன். யார் அதைத் தொட்டாலும் காரணம் கேட்காமல் அக்காட்சியை நீக்கிவிடுவோம். அறவே வரக்கூடாதவை எவை, திரைக்குப் பின்னால் மட்டும் நடக்கலாம் என்பவை எவை என்று ஆளுக்கொரு தாளில் எழுதியும் வாங்கினேன். "ரயில் கதை இருக்கட்டும் அண்ணே, சாவை மட்டும் காட்டாதீங்க" என்று தம்பி எழுதியிருந்தார். அன்றிலிருந்து முகாம் மரணங்களை, மறுநாள் காலையில் காலியாகக் கிடக்கும் பாயாக மட்டுமே சொல்கிறேன்.