நோய்க்கிருமிகள் இரும்பைப் பறிப்பது எப்படி: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

வளர்ந்த ஒருவர் உடலில் மூன்று, நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. அப்படியிருக்க, உள்ளே நுழைந்த பாக்டீரியாவுக்கு இரும்புக்கு என்ன பஞ்சம் என்று கேட்பவர்கள் உண்டு. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்த இரும்பில் பெரும்பகுதி சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. சேமிப்பு ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள். ரத்தத்தோடு ஓடுவதை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் விடாமல் பிடித்திருக்கிறது. எதிலும் ஒட்டாமல் தனியே இருப்பது ஏறக்குறைய 10⁻²⁴ மோலார்தான் (மோலார் என்பது கரைசலின் செறிவை அளக்கும் அலகு). பாக்டீரியா பெருக வேண்டுமானால் 10⁻⁶ மோலார் அளவில் தேவை. தேவைக்கும் இருப்புக்கும் நடுவே ஒன்றுக்குப் பின் பதினெட்டு பூஜ்ஜியங்கள் போட்ட மடங்கு வித்தியாசம்! இந்த இடைவெளியைத் தாண்டத்தான் பல பாக்டீரியாக்கள் சிடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறுகளைச் செய்து வெளியே அனுப்புகின்றன. அவை இரும்பைப் பிடித்ததும், பாக்டீரியா அவற்றைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது.

அடுத்த தவறு மாணவர்களிடம் நிறையப் பார்க்கலாம்: சிடரோஃபோரை ஒரு புரதம் என்று நினைப்பது. 1970-இல் கண்டறியப்பட்ட என்டரோபாக்டினையே எடுத்துக்கொள்வோம். ஈ.கோலை, சால்மொனெல்லா இரண்டும் இதைச் செய்கின்றன. மூலக்கூறு எடை வெறும் 669. செல்லில் புரதங்களைக் கட்டும் ரைபோசோம் இதைக் கட்டுவதில்லை, நொதிகள் கட்டுகின்றன. முதலில் கோரிஸ்மேட் என்ற பொருளை என்ட்-சி, என்ட்-பி, என்ட்-ஏ என்ற மூன்று நொதிகள் வரிசையாக மாற்றி, டைஹைட்ராக்ஸி பென்சாயிக் அமிலம் ஆக்குகின்றன. என்ட்-இ அதற்கு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி-யின் ஆற்றலை ஏற்றி, என்ட்-பி-யில் நீண்டிருக்கும் ஒரு கையில் மாட்டிவிடுகிறது. என்ட்-எஃப் அதோடு செரின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்க்கிறது. அப்புறம் நடப்பதுதான் அழகு. இணைந்த துண்டை என்ட்-எஃப் உடனே விட்டுவிடுவதில்லை. மூன்று துண்டுகள் சேரும்வரை வைத்திருந்து, பிறகு வளையமாக மூடித்தான் விடுகிறது. அந்த வளையத்திலிருந்து ஆறு ஆக்சிஜன்கள் ஃபெரிக் (Fe³⁺) இரும்பைச் சூழ்ந்துகொள்கின்றன. உடும்புப்பிடிதான்: பிடியின் இறுக்கத்தைக் காட்டும் பிணைப்பு மாறிலி 10⁴⁹ அளவில் இருக்கிறது. ஆகவே மரபணுத் தொகுதியில் ‘சிடரோஃபோர் மரபணு’ என்று ஒன்றைத் தேடக் கூடாது. நொதிகளின் மரபணுக்கள் கூட்டமாக இருக்கும் இடத்தைத் தேட வேண்டும். எல்லாச் சிடரோஃபோரும் இதே பாணியில் உருவாவதுமில்லை. ஏரோபாக்டின், ஸ்டேஃபிலோஃபெரின் போன்றவற்றுக்கு வேறு வகை நொதிகள் உண்டு.

சரி, பாக்டீரியா இதை எப்போதும் செய்துகொண்டே இருக்குமா? இருக்காது. செல்லுக்குள் இரும்பு போதுமான அளவு இருந்தால் அது ஃபர் என்ற புரதத்தில் ஒட்டும்; ஃபர் போய் டிஎன்ஏ-வில் உட்கார்ந்து, இந்த மரபணுக்களை அடக்கிவிடும். ஆய்வகத்தில் இரும்பும் நிறைந்த சத்தான குழம்பில் கிருமியை வளர்த்துவிட்டு, சிடரோஃபோர் வரவில்லை என்று எழுதுவது வீண் வேலை. கண்ணாடிக் குடுவையில் ஒட்டியிருக்கும் இரும்புகூடக் கணக்கைக் கெடுக்கும். அமிலத்தில் கழுவித்தான் பயன்படுத்த வேண்டும். 1987-இல் ஷ்வின், நீலண்ட்ஸ் இருவரும் வெளியிட்ட சிஏஎஸ் என்ற சாயச் சோதனையில், இரும்பு பறிபோனால் நீலத் தட்டு ஆரஞ்சாக மாறும். அந்தத் தட்டில் சேர்க்கும் சோப்புத்தன்மையுள்ள பொருள் தடித்த செல்சுவர் கொண்ட கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு நஞ்சு. அவை வளரவே இல்லையென்றால், சோதனை எதையும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

சிடரோஃபோர் செய்தால் நோய்க்கிருமி, செய்யாவிட்டால் சாது என்று பிரிப்பதும் சரியில்லை. குடலில் யாருக்கும் தீங்கில்லாமல் வாழும் ஈ.கோலையும் என்டரோபாக்டின் செய்கிறது. நம் உடலின் லிப்போகாலின்-2 என்ற புரதம் அதைப் பிடித்து முடக்கிவிடும். சால்மொனெல்லாவோ அதே மூலக்கூறில் குளுக்கோஸை ஒட்டி சால்மோகெலின் ஆக்கிவிடுகிறது. அது லிப்போகாலினின் பிடியில் சிக்குவதில்லை. கொனோரியாக் கிருமி சிடரோஃபோர் செய்யாமல், நேரே டிரான்ஸ்ஃபெரினிடமிருந்தே இரும்பை உருவுகிறது. லைம் நோயைத் தரும் பொரேலியா இரும்பு இல்லாமல் மாங்கனீசை வைத்தே வாழ்ந்துவிடும்.

இதில் மிகவும் ஆபத்தான தவறு, சிடரோஃபோர் இழந்த கிருமியால் யாருக்கும் தீங்கில்லை என்று நம்புவது. 2009-இல் சிகாகோவில் பிளேக் கிருமியை ஆராய்ந்துவந்த ஒருவர் அந்தக் கிருமியாலேயே இறந்தார். அவர் கையாண்டது, பிளேக் கிருமியின் சிடரோஃபோரான யெர்சினியாபாக்டினைச் செய்ய முடியாத, வீரியம் குறைந்த ரகம். அவருக்கு உடலில் இரும்பு தேங்கும் பரம்பரை நோய் இருந்தது இறந்த பிறகே தெரிந்தது. உடலிலேயே இரும்பு மிகுந்திருந்ததால், அந்த ரகத்தின் குறை அங்கே குறையாக இல்லாமல் போயிருக்கலாம் என்று விசாரணை அறிக்கை கருதியது. கிருமியின் பலவீனத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது, அது நுழையும் உடலையும் பார்க்க வேண்டும் என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்லும் நிகழ்வை நான் அறியேன்.

இரும்பைப் பிடிக்கும் எந்த மருந்தும் கிருமியைப் பட்டினி போடும் என்பதும் அவசர முடிவே. தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோயாளிகளின் உடலில் தேங்கும் இரும்பை நீக்கத் தரும் டெஃபெராக்சமின், ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிடமிருந்து வந்த சிடரோஃபோர்தான். குடலைத் தாக்கும் யெர்சினியா என்டரோகாலிட்டிகா பாக்டீரியாவும் ரைசோபஸ் பூஞ்சையும் அதையே பயன்படுத்தி இரும்பு எடுத்துக்கொள்ளும். அதனால் அந்த மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால் மருத்துவர்கள் அலட்சியமாக இருப்பதில்லை.

அமெரிக்காவில் 2019-இல் அனுமதி பெற்ற செஃபிடெரோகால் இந்த வழியையே திருப்பிப் பயன்படுத்துகிறது. இரும்பைப் பிடிக்கும் பகுதி கொண்ட ஆன்டிபயாடிக் அது. சிடரோஃபோர் என்று நினைத்துப் பாக்டீரியாவே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதைச் சோதிக்கும்போதும் பழைய தவறு குறுக்கே வரும். மருந்துச் சோதனைக்கு வழக்கமாகப் பயன்படும், இரும்பு நீக்கப்படாத சாதாரண மியூலர்-ஹின்டன் குழம்பில் பாக்டீரியா தன் இரும்பு வாயில்களைக் குறைத்தே வைத்திருக்கும். மருந்து போதிய அளவு உள்ளே போகாது. வேலை செய்யக்கூடிய மருந்து, அறிக்கையில் வேலை செய்யாத மருந்தாகப் பதிவாகிவிடும்.