போர்டு சான்றிதழைப் பார்த்து சர்ஜனை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் வீட்டில் யாருக்காவது நுரையீரலில் கட்டி என்று தெரிந்து, தொராசிக் சர்ஜனை, அதாவது நெஞ்சு அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கச் சொல்லிவிட்டால், முதல் வேலையாக டாக்டர் பெயரைக் கூகுளில் தட்டுகிறார்கள். ‘போர்டு சர்ட்டிஃபைடு’ என்று வந்தால் நிம்மதி, வராவிட்டால் கலவரம். மருத்துவமனையில் டாக்டர்களின் தகுதி ஆவணங்களைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால், அந்த நிம்மதியும் அவசரம், கலவரமும் அவசரம் என்பார்கள்.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று தனித்தனிக் காகிதங்களை ஒன்றாக நினைத்துவிடுவது. லைசென்ஸ் கொடுப்பது மாநில அரசு. அதில் இதயம், மூளை என்று பிரிவெல்லாம் கிடையாது. மருத்துவமும் அறுவை சிகிச்சையும் செய்யலாம் என்ற பொது அனுமதி, அவ்வளவுதான். லைசென்ஸை மட்டும் வைத்துப் பேசினால் தோல் டாக்டர்கூட நெஞ்சைத் திறக்கலாம். எந்த மருத்துவமனையும் அவருக்குத் தியேட்டரைத் திறந்துவிடாது என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, போர்டு சான்றிதழ். நெஞ்சு அறுவை சிகிச்சைக்கு இதைத் தருவது அமெரிக்கன் போர்டு ஆஃப் தொராசிக் சர்ஜரி. 1948இல் பொது அறுவை சிகிச்சை போர்டின் நிழலில் தொடங்கி, 1971இல் தனி போர்டு ஆனது. அரசு அமைப்பு இல்லை. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்தாரா, போதுமான ஆபரேஷன்கள் செய்தாரா என்று பார்த்து, எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் வைத்துச் சான்றிதழ் தருகிறது. இன்ன ஆபரேஷன் செய்யலாம், இன்னது கூடாது என்று அது யாருக்கும் சொல்வதில்லை.

அதைச் சொல்வது மூன்றாவது காகிதம்: மருத்துவமனை தரும் பிரிவிலேஜ். நோயாளிகள் பெரும்பாலும் கேள்விப்பட்டே இராத காகிதம் இதுதான். ஒரு சர்ஜன் வேலைக்குச் சேரும்போது பல பக்கப் படிவம் ஒன்றை நிரப்புவார். முதலில் ‘கோர்’ என்ற தலைப்பில், நுரையீரலின் ஒரு மடலை அகற்றுவது, நெஞ்சுக்குள் தேங்கிய சீழை வெளியேற்றுவது போன்ற, பயிற்சி முடித்த எவரும் செய்யக்கூடியவை மொத்தமாக வரும். அப்புறம் தனித்தனிக் கட்டங்கள்: ரோபோ, எக்மோ (இதயம், நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியே இருந்து செய்யும் கருவி), நுரையீரல் மாற்று, காலின் ரத்தக்குழாய் வழியாக இதய வால்வு பொருத்துவது. ஒவ்வொன்றுக்கும் எங்கே பயிற்சி எடுத்தார், சமீபத்தில் எத்தனை செய்தார் என்று ஆதாரம் வைக்க வேண்டும். துறைத் தலைவர் கையெழுத்து, பிறகு டாக்டர்கள் குழு, கடைசியில் மருத்துவமனையின் நிர்வாகக் குழு. புதிதாகக் கிடைத்த பிரிவிலேஜ் என்றால் முதல் சில கேஸ்களை இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்ப்பதும், அல்லது ரெக்கார்டை எடுத்து ஆராய்வதும் உண்டு. சான்றிதழ் பளபளவென்று இருந்தும் ரோபோ கட்டத்தில் டிக் விழாதவர்கள் நிறையப் பேர்.

சரி, போர்டு சான்றிதழுக்கு இதில் என்ன வேலை? பெரும்பாலான மருத்துவமனைகளில் படிவத்தைக் கையில் வாங்கவே அதுதான் நுழைவுச்சீட்டு. பல இன்சூரன்ஸ் கம்பெனிகளும் தங்கள் பட்டியலில் சேர்க்க அதைக் கேட்கின்றன. ஆனால் அதையே ஒற்றை அளவுகோலாக வைக்கக் கூடாது. மெடிகேரிடம் (முதன்மையாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் பெறும் மருத்துவமனைகளுக்கான மத்திய அரசு விதி, சான்றிதழை மட்டுமே வைத்து பிரிவிலேஜைத் தீர்மானிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. வெளிநாட்டில் பயின்று பெயரெடுத்து, இந்த போர்டின் சான்றிதழ் இல்லாமலே பல்கலைக்கழக மருத்துவமனைகளில் பணியாற்றும் சர்ஜன்கள் இருக்கிறார்கள். அப்போதுதான் பயிற்சி முடித்தவர் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கலாம். ‘போர்டு எலிஜிபிள்’ என்பது அந்த நிலை. சில ஆண்டுகள்வரை அது இயல்பு. பத்துப் பன்னிரண்டு ஆண்டு பிராக்டிஸுக்குப் பிறகும் ஒருவர் அப்படியே போட்டுக்கொண்டிருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

அடுத்த தவறு கொஞ்சம் நுட்பமானது. இந்த போர்டு இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ்தான் தருகிறது. பிறவி இதயக் கோளாறு அறுவை சிகிச்சைக்கு மட்டும் மேலே ஒரு துணைச் சான்றிதழ் உண்டு. அதற்குக் கூடுதல் பயிற்சியும் தனித் தேர்வும் வேண்டும். மற்றபடி, வாரம் முழுக்க பைபாஸ் செய்கிறவரும், உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தவிர வேறெதையும் தொடாதவரும் காட்டுவது ஒரே காகிதம். ஆகவே “சான்றிதழ் இருக்கா?” என்பதைவிட, “போன வருஷம் இதே ஆபரேஷன் எத்தனை பண்ணீங்க டாக்டர்?” என்று கேட்பது பல மடங்கு பயனுள்ள கேள்வி. நம் ஊர் வழக்கத்தில் இது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். அங்கே இதைக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள்; நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார்.

சான்றிதழ்களை எண்ணி ஒப்பிடுவதும் வீண். 2003 வரை, பொது அறுவை சிகிச்சை போர்டில் தேறினால்தான் தொராசிக் போர்டுக்கே போக முடியும். அதனால் மூத்தவர்களிடம் இரண்டு சான்றிதழ் இருக்கும். பிறகு அந்தக் கட்டாயம் போனது. 2007 முதல், மருத்துவப் படிப்பு முடிந்ததும் நேராகச் சேரும் ஆறு ஆண்டுப் பயிற்சியும் வந்தது. அதில் வந்தவரிடம் ஒரே சான்றிதழ். நெஞ்சு ஆபரேஷனைப் பொறுத்தவரை இதனால் அவர் மட்டம் என்று ஆகிவிடாது.

ஆனால் பிராக்டிஸின் எல்லையில் வித்தியாசம் தெரியும். சிறு நகர மருத்துவமனையில் தொராசிக் கேஸ் மட்டும் வைத்து ஒருவருக்கு வேலை கொடுப்பது கஷ்டம். இரவு டியூட்டியில் குடல்வாலும் பித்தப்பையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்பார்கள். ஆறு ஆண்டு வழியில் வந்தவருக்குப் பொது அறுவை சிகிச்சைப் பிரிவிலேஜ் கிடைப்பது சந்தேகம். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, படிவம் வரும்போது இதைக் கண்டுபிடிப்பது இளம் டாக்டர்கள் எளிதில் தவிர்க்கக்கூடிய தலைவலி. எதிர்ப்பக்கமும் உண்டு: தொராசிக் போர்டைத் தொடாத பொது சர்ஜன்கள் நுரையீரல் ஆபரேஷன் செய்வது அமெரிக்காவில் அபூர்வமில்லை, சட்டவிரோதமும் இல்லை. சிக்கலான புற்றுநோய் என்றால் அதே வேலையாக இருக்கும் தொராசிக் சர்ஜனிடம் போவதுதான் என் கட்சி.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளிலும் ஏமாறுகிறோம். எஃப்.ஏ.சி.எஸ். என்பது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸின் உறுப்பினர் தகுதி. எந்தத் துறையில் தேறினார் என்று அது சொல்லாது. ‘போர்டு’ என்று பெயர் வைத்த எல்லா அமைப்பும் ஒன்றல்ல. அமெரிக்கன் போர்டு ஆஃப் மெடிக்கல் ஸ்பெஷாலிட்டீஸ் என்ற கூரையின்கீழ் 24 போர்டுகள் இருக்கின்றன. அதன் ‘சர்ட்டிஃபிகேஷன் மேட்டர்ஸ்’ தளத்தில் டாக்டர் பெயரைப் போட்டால், எந்த போர்டில் சான்றிதழ், இப்போதும் செல்லுபடியாகிறதா என்று இலவசமாகத் தெரியும்.

டாக்டர்கள் பக்கம் அடிக்கடி நடப்பது, ஒரு மருத்துவமனையில் கிடைத்த பிரிவிலேஜ் தெருவுக்கு எதிரே இருக்கும் மருத்துவமனையிலும் செல்லும் என்று நினைத்துவிடுவது. செல்லாது. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை அதே இடத்திலும் புதுப்பிக்க வேண்டும். அப்போது கேஸ் எண்ணிக்கை குறைந்திருந்தால் கட்டம் காலியாகலாம். உயிர் போகும் அவசரத்தில் பிரிவிலேஜ் இல்லாததையும் செய்ய மருத்துவமனை விதிகள் பொதுவாக இடம் தருகின்றன. திட்டமிட்ட ஆபரேஷனுக்கு அந்தச் சலுகை இல்லை. அப்படிச் செய்து வழக்கு வந்தால், சான்றிதழ் இருந்ததா என்பதற்கு முன்னால் வக்கீல் கேட்கப்போவது அந்தப் படிவத்தைத்தான்.