பாஸ்டனில் கரண்ட் எத்தனை ஹெர்ட்ஸ்? பயோமெடிக்கல் செமினாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னுடைய முதல் ஆய்வு செமினாரில் பதினோராவது ஸ்லைடு வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஈசிஜி அலையில் கலந்துவிடும் கரண்ட் இரைச்சலை எடுக்க 50 ஹெர்ட்ஸ் நாட்ச் ஃபில்டர் (அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டுவது) போட்டதைச் சொல்லி, ஃபில்டருக்கு முன், ஃபில்டருக்குப் பின் என்று இரண்டு படங்களைக் காட்டினேன். கடைசி வரிசையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்றே நினைத்திருந்தேன்.

"தம்பி, டேட்டா எங்க எடுத்தது?"

"எம்ஐடி-பிஐஎச் சார். பாஸ்டன்."

"பாஸ்டன்ல கரண்ட் எத்தனை ஹெர்ட்ஸ்?"

எம்ஐடி-பிஐஎச் என்பது அங்கே தொகுத்த ஈசிஜி பதிவுகள். அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில்தான் 50. இல்லாத இரைச்சலை நீக்கிவிட்டு, இருந்த இரைச்சலை அப்படியே விட்டு வைத்திருந்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதிவுகளை நொடிக்கு 360 மாதிரிகள் என்று எடுத்ததற்கே ஒரு காரணம், 60 ஹெர்ட்ஸ் ஃபில்டரை எழுதுவது சுலபம் என்பதுதான். டேட்டாவைத் தொகுத்தவர்கள் அதை எழுதியே வைத்திருக்கிறார்கள். நான் டவுன்லோட் பண்ணினேன், படிக்கவில்லை.

அதற்குப் பிறகு மேடையிலும் கீழேயும் நிறைய செமினார்களில் உட்கார்ந்தாயிற்று. "ஸ்லைடில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும்", "கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும்" என்ற அறிவுரைகள் எல்லாத் துறைக்கும் பொது, எங்கேயும் கிடைக்கும். பயோமெடிக்கலில் ஆட்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். எண் ஒன்று கைக்கு வந்ததும், அது யாரோ ஒருவருடைய உடம்பிலிருந்து வந்தது என்பது மறந்துபோகிறது.

அண்டாவில் கொட்டிக் கிளறுவது

அதே பாஸ்டன் தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். இதயத்துடிப்புக் கோளாறு பற்றிய செமினார் என்றால் பாதிக்கு மேல் இதுதான் வரும். 1975 முதல் 1979 வரை பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் எடுத்த பதிவுகள். 47 பேர், 48 பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். மொத்தம் ஏறக்குறைய 1,10,000 துடிப்புகள். ஒவ்வொன்றுக்கும் இதய மருத்துவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள்.

ஆராய்ச்சி மாணவர் என்ன செய்கிறார்? இத்தனை துடிப்பையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறி, துடிப்பின் வகையைக் கண்டுபிடிக்கும் நிரலுக்கு 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் எடுக்கிறார். 99 சதவீதத்துக்கு மேல் துல்லியம் வருகிறது. கையெழுத்து மாதிரிதான் ஈசிஜியும். ஒருவருடைய துடிப்புகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். பயிற்சியில் பார்த்த அதே ஆளின் அடுத்த துடிப்பைச் சோதனையில் கேட்டால் எந்த நிரலும் சொல்லிவிடும். கேள்வித்தாளை முதல் நாளே கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்த கதை. நாளை வாசலில் வந்து நிற்கப்போகும் நோயாளியை அந்த நிரல் முன்பின் பார்த்ததே கிடையாது.

அதனால்தான் ஆட்களைப் பிரிக்க வேண்டும், துடிப்புகளைப் பிரிக்கக் கூடாது என்கிறோம். 2004இல் டி ஷாசால் குழுவினர் பேஸ்மேக்கர் வைத்தவர்களின் நான்கு பதிவுகளை ஒதுக்கிவிட்டு, மீதி 44ஐ 22, 22 என்று பிரித்தார்கள். இன்றும் பலர் அதையே பின்பற்றுகிறார்கள். அதிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு: 201, 202 என்ற இரண்டு பதிவுகளும் ஒரே நபருடையவை. ஒன்று பயிற்சிப் பக்கம் போயிற்று, இன்னொன்று சோதனைப் பக்கம். செமினாரில் இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிப் பாருங்கள், அறையில் உங்கள் மதிப்பே வேறாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்த 48இல் 23தான் நாலாயிரம் பதிவுகளிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தவை. மற்ற 25, அபூர்வமான கோளாறுகளும் இருக்கட்டும் என்று தேடிப் பொறுக்கியவை. ஆகவே இந்தத் தொகுப்பில் ஒரு கோளாறு எத்தனை முறை வருகிறது என்பதை வைத்து ஊரில் அது எத்தனை பேருக்கு இருக்கும் என்று பேச முடியாது. இப்படிப் பொறுக்கிய பிறகும், வழக்கமாகப் பயன்படுத்தும் ஐந்து வகைப் பிரிவில், பத்தில் ஏறக்குறைய ஒன்பது துடிப்புகள் 'இயல்பு' என்ற வகைக்குள் விழுகின்றன. எதைக் கொடுத்தாலும் "இயல்பு, இயல்பு" என்று சொல்லும் ஒரு வரி நிரல்கூட 89 சதவீதத் துல்லியம் வாங்கிவிடும். உங்கள் ஸ்லைடில் துல்லியம் என்ற ஒற்றை எண் மட்டும் இருந்தால், முன்வரிசையில் இருக்கும் டாக்டர் மொபைலை எடுத்துவிடுவார். அவருக்கு வேண்டிய கணக்கு வேறு. ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் இருக்கிறது என்று வையுங்கள். கருவியின் சென்சிடிவிட்டி (நோய் உள்ளவரைப் பிடிப்பது) 90 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி (நோய் இல்லாதவரை விட்டுவிடுவது) 90 சதவீதம். நோய் உள்ள பத்தில் ஒன்பதைப் பிடிக்கும். நோய் இல்லாத 990 பேரில் 99 பேரையும் பிடித்துக்கொண்டு வரும். ஆக, 'உங்களுக்கு நோய் இருக்கிறது' என்று பயமுறுத்தப்பட்ட 108 பேரில் ஒன்பது பேருக்குத்தான் உண்மையில் நோய். அந்த 99 பேருக்கும் அடுத்த பரிசோதனைக்கு யார் பணம் கட்டுவது? டாக்டர் கேட்கப்போவது இதைத்தான்.

ஹாஸ்டல் நண்பர்களின் ரத்த அழுத்தம்

கையில் பட்டை சுற்றாமல், விரலில் ஒளி பாய்ச்சி ரத்த அழுத்தம் அளக்கும் கருவி. இப்போது எல்லாத் துறையிலும் இதற்கு ஒரு ஸ்காலராவது இருக்கிறார். சோதனைக்கு யாரைத் தேடுவது? ஹாஸ்டலில் பக்கத்து அறை நண்பர்கள், லேப் ஜூனியர்கள் என்று பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் வயது 22க்கும் 27க்கும் நடுவில். எல்லோருடைய சிஸ்டாலிக் அழுத்தமும் (மேல் அளவு) 110க்கும் 126க்கும் நடுவில். சராசரிப் பிழை வெறும் 4 மில்லிமீட்டர் என்று அறிவிப்பு.

எந்தக் கருவியும் இல்லாமல், கேட்கிறவர்களுக்கெல்லாம் "118" என்று சொன்னால்கூட அதே பிழைதான் வரும். இதை நான் ஒருமுறை செமினாரில் கேட்டுவிட்டேன்; அந்தப் பையன் முகம் போன போக்கைப் பார்த்து, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டேன். ஆனால் கேள்வி சரியானதுதான். ரத்த அழுத்தக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 81060-2 தரநிலை குறைந்தது 85 பேரைக் கேட்கிறது. அளவீடுகளில் 5 சதவீதமாவது 160க்கு மேலும், 5 சதவீதமாவது 100க்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது. சராசரி வித்தியாசம் 5க்குள், அதன் பரவல் 8க்குள். பட்டை சுற்றும் கருவிகளுக்காக எழுதப்பட்டது என்பது உண்மைதான். ஆனாலும் ஹாஸ்டல் நண்பர்கள் ஏன் போதாது என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது. ஆளே கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். "பன்னிரண்டு ஆரோக்கியமான இளைஞர்களிடம் மட்டும் பார்த்தது" என்று ஸ்லைடின் தலைப்பிலேயே எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இதே குடும்பத்துத் தவறுதான், இரண்டு கருவிகளை ஒப்பிட்டுவிட்டு "கோரிலேஷன் 0.97" என்று முடித்துக்கொள்வது. இரண்டு அளவுகளும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்பதை மட்டும் சொல்லும் எண் அது; 1 என்றால் முழுப் பொருத்தம். எப்போதும் இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டும் தெர்மாமீட்டரை நல்ல தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டால் கோரிலேஷன் சரியாக 1 வரும். அதை நம்பிக் குழந்தைக்கு மருந்து கொடுக்க முடியுமா? மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மன் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1986இல் லான்செட்டில் இதை எழுதி, வித்தியாசத்தைச் சராசரிக்கு எதிரே வரைந்து காட்டும் முறையையும் கொடுத்தார்கள். ஏறக்குறைய நாற்பது வருடம் ஆகிவிட்டது. இன்னும் 0.97 வந்துகொண்டுதான் இருக்கிறது.

தோல் நிறமும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். பல்ஸ் ஆக்சிமீட்டர் விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பையும் பாய்ச்சி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை அளக்கிறது. வழியில் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரங்களில் ரத்தத்தில் உண்மையான ஆக்சிஜன் அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். நம் ஊர் லேபில் எல்லா நிறத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். இருந்தும் யாரிடம் அளந்தோம் என்று குறித்து வைக்கும் செமினாரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

பிசிஏ என்றால் என்ன?

ஒரே அறையில் எலெக்ட்ரானிக்ஸ்காரர், மெக்கானிக்கல்காரர், உயிரியல் படித்தவர், டாக்டர் நால்வரும் உட்கார்ந்திருப்பது எங்கள் துறையின் வரம், சாபமும் அதுதான். "பிசிஏ போட்டோம்" என்று ஒரு மாணவி சொன்னார். இருநூறு மாறிகளைப் பத்தாகச் சுருக்கும் கணக்குமுறையைச் சொல்கிறார். மயக்கவியல் மருத்துவர் குழம்பிப்போனார்: "எலிக்கு எப்படிம்மா பிசிஏ குடுத்தீங்க?" அவருக்கு பிசிஏ என்றால் நோயாளியே பட்டனை அழுத்தி வலி மருந்தை ஏற்றிக்கொள்ளும் பம்ப். எம்ஐ என்றால் இதய மருத்துவருக்கு மாரடைப்பு. இரண்டு ஸ்கேன் படங்களைப் பொருத்துபவருக்கு மியூச்சுவல் இன்ஃபர்மேஷன், அதாவது படங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு. சுருக்கெழுத்தை முதல் தடவையாவது விரித்துச் சொல்லிவிடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

மிச்சப்படுத்த வேண்டிய நேரம் தொடக்கத்தில் இருக்கிறது. "உலகில் ஆண்டுக்கு 1 கோடியே 79 லட்சம் பேர் இதய, ரத்தநாள நோய்களால் இறக்கிறார்கள்" என்ற ஸ்லைடு இல்லாத இதய செமினாரை நான் பார்த்ததில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கு அது, சரியான கணக்குதான். ஆனால் அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

எலும்பு, இம்ப்ளாண்ட் சிமுலேஷன் காட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு சொல். தொடை எலும்பு ரப்பர் மாதிரி வளைவது, மென்பொருள் வளைவைப் பல மடங்கு பெருக்கிக் காட்டுவதால். எத்தனை மடங்கு என்று படத்தின் மூலையிலேயே எழுதுங்கள். எலும்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் மெஷ்ஷை இன்னும் நுணுக்கினால், அழுத்தம் அதிகம் என்று காட்டும் சிவப்புப் புள்ளி அங்கேயே நிற்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரியாக வராததை மறைப்பது

ஆறு மாதம் செல் வளர்த்து நான்கு முறை பூஞ்சை பிடித்துப் போயிருக்கும். செமினாரில் ஐந்தாவது முறை மட்டும் வரும். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் கேட்கிறவர்களுக்கு உபயோகப்படுவது அந்த நான்குதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தான் குழுவினர் செயற்கை இதய வால்வு செய்த கதை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும்? முதல் மூன்று மாடல்கள் தேறவில்லை என்பதை அவர்களே சொன்னதால். டைட்டானியம், நீலக்கல் தட்டு என்று போய்ப் பார்த்து, கடைசியில் ஹேய்ன்ஸ்-25 என்ற கலப்புலோகக் கூட்டில் பாலிஎத்திலீன் தட்டு வைத்த நான்காவது மாடல்தான் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குள் போனது.

மூலையில் ஒரு பெயர்

சிடி ஸ்கேன் படத்தின் இடது மேல் மூலையைப் பாருங்கள். பெயர், வயது, மருத்துவமனை எண், தேதி. ஆள் அதைக் கவனிக்காமல் கட்டி எங்கே இருக்கிறது என்று லேசரால் காட்டிக்கொண்டிருப்பார். முன்வரிசையில் மூன்று பேர் மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். "க்ராப் பண்ணிட்டேன் மேடம்" என்பதும் போதாது. பவர்பாயிண்டில் க்ராப் செய்த பகுதி ஃபைலுக்குள் அப்படியே இருக்கும். பிபிடியை வாங்கிப்போகிறவர் ஒரு க்ளிக்கில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். வெட்டிய பகுதியை நிரந்தரமாக நீக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பெயர் இல்லாத படத்தையே புதிதாக எடுத்துப் போடுவது அதைவிட நல்லது. நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் ஸ்லைடில் போட்டுவிடுங்கள். யாராவது கேட்ட பிறகு "கைடுகிட்ட இருக்கு சார்" என்று சொல்ல நேர்ந்தால் அந்த செமினார் அங்கேயே படுத்துவிடும்.

கைடுகளுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். மாணவரிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் எழுந்து பதில் சொல்லாதீர்கள். பத்து விநாடி மௌனம் உங்களுக்குத்தான் தாங்கவில்லை; அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். மாணவர்களுக்கு: "ஃப்யூச்சர் ஒர்க்ல பண்றோம் சார்" என்பதை ஒரு செமினாருக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகளை அன்று மாலையே, யார் கேட்டார்கள் என்பதோடு எழுதி வையுங்கள். சமோசா தீர்வதற்குள் பாதி மறந்துவிடும்.

நான் எழுதி வைத்தேன். அன்றிரவே நிரலில் 50ஐ 60 ஆக்கி மறுபடி ஓட்டினேன். முடிவு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. அப்பாடா என்று மறுநாள் காலை அந்தப் பேராசிரியரைத் தேடிப்போய்ச் சொன்னேன்.

"சரி," என்றார். "அப்ப அந்த ஃபில்டர் எதுக்குப்பா போட்ட?"