ஸ்டோயிக் படித்தவன் அண்டை வெட்டினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024-இல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். போர் மோட்டார் இல்லாதவர்களுக்குக் குறுவை போனது போனதுதான். அந்த நாட்களில் எங்கள் டீக்கடை பெஞ்சில் அதிகம் காதில் விழுந்தது "நம்ம கையில என்ன இருக்கு?" என்பதே. நான் அப்போது எபிக்டெட்டஸ் படித்துக்கொண்டிருந்தேன். பழைய கிரேக்க, ரோமானிய உலகத்து ஸ்டோயிக் என்னும் தத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர். அவர் சொல்வதும் இதுதானே என்று தலையாட்டினேன். முதல் தவறு அதுதான்.

எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனம், பின்னால் விடுதலையாகிப் பாடம் நடத்தியவர். அவர் சொன்னதை மாணவர் அர்ரியன் தொகுத்த கையேடு, சில நம் கையில், சில நம் கையில் இல்லை என்று தொடங்குகிறது. நம் தீர்ப்பு, விருப்பம், முயற்சி நம்முடையவை. உடம்பு, சொத்து, பேர், பதவி நம்முடையவை அல்ல. நாம் இதில் இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறோம்.

இந்தச் சாக்குக்கு அந்தக் காலத்திலேயே 'சோம்பேறி வாதம்' என்று பேர் உண்டு. நோய் தீரும் என்பது விதியானால் வைத்தியரைக் கூப்பிட்டாலும் தீரும், கூப்பிடாவிட்டாலும் தீரும். பிறகு எதற்குக் கூப்பிட வேண்டும்? கி.மு. 3-ஆம் நூற்றாண்டு ஸ்டோயிக் கிரிசிப்பஸ் இதற்குப் பதில் வைத்திருந்தார்: தீர்வது விதி என்றால் வைத்தியரைக் கூப்பிடுவதும் அதோடு சேர்த்து விதிக்கப்பட்டதுதான். கடைமடைக்காரனாக நான் இதை இப்படிப் புரிந்துகொண்டேன். தண்ணீர் வருவது என் வயலுக்கு எழுதியிருந்தால், வாய்க்காலில் கிடக்கும் ஆகாயத்தாமரையை நான் அள்ளிப் போடுவதும் அதே வரியில் எழுதியிருக்கும்.

வில்லாளி உவமையும் ஸ்டோயிக்குகளுடையது. குறி பார்ப்பது அவன் வேலை, அம்பு தைப்பது அவன் வேலை இல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். காயவைப்பதும் தார்ப்பாயோடு போய் நிற்பதும் நம் பாடு. நம் முறை வரும் அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டால் அது நம் கணக்கில் இல்லை. தார்ப்பாய் எடுத்துப் போகாமல் மழையைத் தத்துவமாகப் பார்ப்பதற்கு ஸ்டோயிக் என்று பேர் கிடையாது.

இரண்டாவது தவறு, அழக் கூடாது என்று நினைப்பது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தது. பிள்ளைபோல் வளர்த்தவன் அங்கே நின்று கல்லாக இருக்க வேண்டுமென்று எந்த ஸ்டோயிக்கும் கேட்கவில்லை. ரோமானிய எழுத்தாளர் கெல்லியஸ் ஒரு கடற்பயணத்தைச் சொல்கிறார். புயலில் கப்பல் ஆடுகிறது, கூட வந்த ஸ்டோயிக் ஆசிரியருக்கும் முகம் வெளுத்துவிட்டது. கரையேறும் சமயம் கேட்டால், அவர் பையிலிருந்து எபிக்டெட்டஸ் நூலை எடுத்துக் காட்டுகிறார்: முதல் அதிர்ச்சி ஞானிக்கும் வரும், 'ஐயோ, எல்லாம் போச்சு' என்று அந்த அதிர்ச்சி சொல்வதற்குப் பின்னால் நாம் ஆமாம் போடுகிறோமா என்பதுதான் கேள்வி.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூலி போதவில்லை என்று நிற்கும் நடவு ஆளிடம் மனசைத் திடப்படுத்திக்கொள்ளச் சொல்வது அயோக்கியத்தனம். ஸ்டோயிக்குகளின் நான்கு அறங்களில் நீதியும் ஒன்று. பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் எழுதிய குறிப்புகள் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவை, குடிமக்களுக்குச் செய்த உபதேசம் அல்ல.

நான் மாட்டிக்கொண்டது நான்காவதில். நடவுக்கு முன் அண்டை வெட்டுவோம்: வரப்பின் பக்கவாட்டைப் புல்லோடு சீவிவிட்டுச் சேற்றை அள்ளி அணைப்பது. என் பக்கம் கொஞ்சம் ஆழமாகச் சீவினால் வரப்பு மெலியும். தண்ணீர் கட்டினால் தாங்காதே என்று பக்கத்து வயல்காரர் அவர் பக்கம் மண் அணைப்பார். வரப்பு ஒரு விரல் அகலம் அவர் வயலுக்குள் போயிருக்கும். பத்து வருஷம் போனால் ஒரு வரிசை நாற்று. அந்தச் சம்பாவுக்கு ஆள் கிடைக்காமல் நானே வெட்டினேன். பக்கத்து வயல் சித்தப்பாவுடையது. மண்வெட்டி நாலைந்து இடத்தில் ஆழமாக இறங்கியது. தெரிந்துதான் இறங்கியது. மனசுக்குள் ஓடியது என்ன தெரியுமா? நிலம், காசு எல்லாம் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்று ஸ்டோயிக்குகள் சொல்கிறார்களே, ஒரு விரல் மண்ணில் என்ன வந்துவிடப் போகிறது!

அவர்கள் சொன்னது மண்ணைப் பற்றி. மண்ணை எப்படி எடுக்கிறோம் என்பதைப் பற்றி அல்ல. நல்லதும் கெட்டதும் இருப்பதே அங்கேதான்.

சித்தப்பா மடை பார்க்க வந்தவர் நின்று பார்த்தார். "என்னடா தம்பி, கை இந்தப் பக்கமே வருது?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ரோமானிய ஸ்டோயிக் செனிகாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரவு விளக்கை எடுத்த பிறகு, பழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்றைக்குச் செய்ததையும் சொன்னதையும் ஒன்று விடாமல் நினைத்துப் பார்ப்பார். எதையும் தன்னிடமிருந்து மறைப்பதில்லை. இந்த முறை மன்னித்தேன், இனி செய்யாதே என்று தனக்கே சொல்லிக்கொள்வார். (நீரோவின் ஆலோசகராக இருந்து பெரும் பணம் சேர்த்தவர், எளிமையைப் பற்றியும் எழுதினார். அவரை அப்போதே திட்டியவர்கள் உண்டு.) நானும் ஒரு நோட்டுப் போட்டேன். அன்று எழுதியதை மறுநாள் படித்தால், டிராக்டர்க்காரன் தாமதமாக வந்தது இருக்கிறது, சித்தப்பா குத்தலாகப் பேசியது இருக்கிறது. அண்டை இல்லை. இந்தப் பழக்கத்தில் இறங்குகிறவர்கள் செய்யும் தவறு இதுதான்: தன் கணக்கு என்று உட்கார்ந்து ஊர்க் கணக்கை எழுதுவது.

காலையில் போய், சீவிய இடமெல்லாம் என் வயல் சேற்றையே அள்ளி என் பக்கம் அணைத்தேன். சித்தப்பா பல் குச்சியோடு வந்தார்.

"நேத்துதானே போட்டே?"

"கொஞ்சம் மெலிஞ்சு போச்சு சித்தப்பா."

அன்று ராத்திரி நோட்டில் எழுத இந்த ஒரு வரியே போதுமாக இருந்தது.