பழைய அப்பர் தாம்சன் ரோட்டை நடந்தே பாக்குறது எப்படி

சிங்கப்பூர்ல கார் ரேஸுன்னா இப்ப எல்லாருக்கும் 2008ல மரினா பேல ராத்திரி லைட்டு போட்டு ஓட்ட ஆரம்பிச்சதுதான் ஞாபகம் வரும், ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1961லேந்து 1973 வரைக்கும், காட்டோரமா வளைஞ்சு போற பழைய அப்பர் தாம்சன் ரோட்டுல கிராண்ட் பிரீ நடந்துச்சு. ரோடு இன்னமும் இருக்கு, டிக்கெட்டு கிடையாது, யார் வேணா போகலாம். ஆனா கார்ல போயிடாதீங்க, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுரும், மரம் பாத்தோம் வந்தோம்னு ஆயிரும். காலாலதான் அந்த ரோடு புரியும்.

கிளம்புற இடம் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கம். 167 பஸ் அப்பர் தாம்சன் ரோடு வழியாப் போகும், கேசுவரினா ரோடு பக்கம் இறங்கிட்டா போதும். காலையிலயே போங்க, மழை வர்ற மாதிரி இருந்தா இன்னொரு நாள் பாத்துக்கலாம், மரத்தடியில இடி மின்னல்ல மாட்டக்கூடாது. தண்ணி கையில இருக்கட்டும், டாய்லெட்டும் இங்கயே போயிட்டு வந்துருங்க. அவசரம் இல்லைன்னா நீர்த்தேக்கத்தையும் ஒரு பார்வை பாருங்க, 1910ல காலாங் ஆத்தை மறிச்சுக் கட்டுனது, முதல்ல காலாங் ரிவர் ரிசர்வாயர்னுதான் பேரு, முனிசிபல் இஞ்சினியரா இருந்த ராபர்ட் பியர்ஸ் பேரை 1922லதான் வச்சாங்க. ரோட்டுக்குப் பேரு குடுத்த ஜான் டர்ன்புல் தாம்சன் அதுக்கும் முந்தின காலத்து ஆளு, 1841லேந்து இங்க அரசாங்க சர்வேயர், ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை டிசைன் பண்ணவரும் அவர்தான்.

இப்ப முக்கியமான வேலை. போன்ல பழைய ரேஸ் டிராக் படம் ஒன்னைத் தேடி சேவ் பண்ணி வச்சுக்கோங்க, பக்கத்துல இன்னைக்கு இருக்குற மேப்பையும் திறந்து வச்சுக்கிட்டு நடங்க. டிராக் மொத்தம் கிட்டத்தட்ட 4.8 கிலோமீட்டர். பஸ் ஓடுற அப்பர் தாம்சன் ரோட்டுல ஒரு நீட்டுப் பகுதி, அதுக்கு தாம்சன் மைல்னு பேரு, அதுல ஹம்ப்னு ஒரு மேடு, வேகமா வந்தா வண்டி நாலு சக்கரமும் தரையை விட்டுத் தூக்கிரும். மிச்சம்தான் நீங்க நடக்குற இந்தப் பழைய ரோடு, அப்ப இதை நீ சூன் ரோடும்பாங்க. அடுத்தடுத்து நாலு வளைவு வரும் பாருங்க, அதுதான் ஸ்னேக்ஸ், அப்புறம் டெவில்ஸ் பெண்ட்.

வளைவு கிட்ட ஓரமா ஒதுங்கி நின்னு எதிர்ல என்ன தெரியுதுன்னு பாருங்க. ஒன்னுமே தெரியாது, மரமும் இலையும்தான். இதுல ரேஸ் கார்ல வந்து திரும்பணும், அதுவும் தனியா கட்டுன டிராக் இல்ல, ஜனங்க தினம் போயிட்டு வந்த ரோடு, பஸ் ஸ்டாப்பு, விளக்குக் கம்பம், பெரிய கால்வாய் எல்லாம் அப்படியே பக்கத்துல இருந்துச்சு. 1972லயும் 1973லயும் ஆளுக்கு உயிர்போற விபத்து நடந்துச்சு, 1973க்கு அப்புறம் ரேஸே இல்லைன்னு ஆயிருச்சு. நிறுத்துனதுல ஆச்சரியமே இல்ல, என்னைக் கேட்டா அதுவரைக்கும் ஓட்டவிட்டதுதான் ஆச்சரியம். நியூசிலாந்துக்காரர் கிரேம் லாரன்ஸ் 1969, 70, 71னு வரிசையா மூணு வருஷம் இந்த வளைவுங்கள்ல ஜெயிச்சிருக்காரு, இங்க நின்னு பாத்தாதான் அது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். ரேஸோட பேரும் மாறிக்கிட்டே இருந்துச்சு, 1961ல ஓரியண்ட் இயர் கிராண்ட் பிரீ, அடுத்த வருஷம் மலேசியன் கிராண்ட் பிரீ, நாடு தனியானதுக்கப்புறம் 1966ல சிங்கப்பூர் கிராண்ட் பிரீ.

அப்புறம் தாம்சன் இயற்கைப் பூங்கா வரும், 2019ல திறந்தது. புது ரோட்டுக்கும் பழைய ரோட்டுக்கும் நடுவுல இருக்குற காடு இது, முன்ன ஹைனானீஸ் சீனக்காரங்க கம்போங், அதாவது கிராமம், ஒன்னு இருந்த இடம், வீட்டுப் படிக்கட்டு, சுவருன்னு இன்னமும் பாசி புடிச்சுக் கிடக்கு. ஹான் வாய் தூன் வச்சிருந்த ரம்புத்தான் தோட்டமும் இங்கதான் இருந்துச்சு, அதனாலதான் ஒரு நடைபாதைக்கு ரம்புத்தான் டிரெயில்னு பேரு. ரொம்ப அபூர்வமான ராஃபிள்ஸ் லங்கூர் குரங்கு பெரிய காட்டுலேந்து இந்தப் பக்கம் வரணும்னுதான் பழைய ரோட்டை ஒத்தை லேனா சுருக்குனாங்க, மரக்கிளை ரெண்டு பக்கமும் தொட்டுக்கணும்ல, மேல கயித்துப் பாலமும் கட்டியிருக்காங்க, அண்ணாந்து பாருங்க. லங்கூர் கண்ணுல படுறது அதிர்ஷ்டம். சாதாரணக் குரங்கு கண்டிப்பா வரும், பிளாஸ்டிக் பையைக் கையில தொங்கவிடாதீங்க, பாவம்னு வாழைப்பழம் குடுக்கவும் கூடாது, மொத தடவையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் ஃபைன் போடலாம்.

வெளிய வந்து அப்பர் தாம்சன் ரோட்டைப் புடிச்சீங்கன்னா பஸ் ஸ்டாப்பு இருக்கு. கால்ல இன்னும் தெம்பு இருந்தா பஸ் ஏறாம தாம்சன் மைல் வழியாவே கேசுவரினா ரோட்டுக்குத் திரும்பலாம், வெயில் அடிக்கும், வண்டிச் சத்தம் வேற, ஆனா முழு டிராக்கையும் சுத்துன கணக்கு ஆகும், அங்க பராட்டாவும் தே தாரிக்கும் (நல்லா ஆத்துன பால் டீ) கிடைக்கும். வடக்குப் பக்கம் போறவங்க ஸ்பிரிங்லீஃப் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனுக்குப் போயிருங்க, தொங் சூன் அவென்யூல அங்கயும் பராட்டாக் கடை இருக்கு.