மதகடி அப்பு: ஈலிங் பாணியில் பத்து நிமிடக் குறும்படம் எழுதி எடுப்பது

இரண்டாம் உலகப் போர் முடிந்தும் உணவுப் பங்கீடு தொடர்ந்த காலத்தில் லண்டனின் ஈலிங் ஸ்டூடியோவில் பிறந்த நகைச்சுவைப் படங்கள் வன்னிக்குத் தூரமானவை அல்ல. 1949இல் வந்த ‘பாஸ்போர்ட் டு பிம்லிகோ’வில், வெடிக்காமல் கிடந்த குண்டு ஒருநாள் வெடிக்க, குழிக்குள் இருந்து ஒரு பழைய சாசனம் கிடைக்கிறது. அந்த இடம் பேர்கண்டி என்ற பழைய பிரெஞ்சுச் சிற்றரசுக்குச் சொந்தமாம். உடனே சனம் கூப்பன் மட்டையைக் கிழித்தெறிகிறது. நிவாரண வரிசையில் நின்ற ஆட்களுக்கு இதில் என்ன சிரிப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பாணியில் எழுத, முதலில் ஒரேயொரு நம்பமுடியாத விசயத்தைத் தெரிவு செய்யுங்கள். இரண்டாவது வேண்டாம். உதாரணத்துக்கு, ஒழுங்கை மதகு தன் பாட்டனின் காணிக்குள் வருகிறது என்று ஓர் அப்புவுக்கு, அதாவது ஊர்க் கிழவருக்கு, பழைய காணி உறுதிப்பத்திரம் கிடைக்கிறது. மற்றதெல்லாம் கிளிநொச்சியில் நாளாந்தம் நடப்பதுபோலவே இருக்கட்டும்.

அப்புவுக்கு மூன்று தேவை: ஒரு பொருள், ஒரு பழக்கம், வாயால் சொல்லாத ஓர் ஆசை. பொருள் ரசீதுப் புத்தகம். பழக்கம், மதகால் போகும் எல்லாருக்கும் காசு வாங்காமல் ரசீது எழுதுவது, கன்றுக்குட்டிக்கும்கூட. ஆசை, பிள்ளைகள் வெளிநாடு போனபின் யாராவது நின்று கதைக்கவேண்டும் என்பது. இந்த ஆசையை வசனமாக எழுதினால் படம் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

“அப்பு, கன்றுக்குமோ?”
“நாலு கால் எல்லே தம்பி. பேர் என்ன, சொல்லு.”

அப்பு சிரிக்கவே கூடாது. பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் கெடுகின்றன: கோமாளி உடுப்பு, கீச்சுக் குரல், ‘டொய்ங்’ சத்தம். 1955இல் வந்த ‘த லேடிகில்லர்ஸ்’ஸில் கேட்டி ஜோன்சன் நடித்த கிழவி ஒரு கணமும் சிரிப்புக்காட்ட முயல்வதில்லை, கொள்ளையருக்குத் தேநீர் கொடுக்கிறார், அவ்வளவே. அடிக்கடி பொலிசுக்குப் போய்க் கதை சொல்லும் அவரது பழக்கம் தொடக்கத்திலேயே விதைக்கப்படுகிறது. அதனால்தான் கடைசியில் உண்மையைச் சொல்லியும் பொலிசார் நம்பாமல், கொள்ளைப் பணத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்கள் முடிவும் அப்படி முதல் பக்கத்திலிருந்தே வரட்டும். மாரியில் மதகு உடைகிறது. நாளுக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று பிரதேச சபை கேட்கிறது. கணக்கு இருப்பது அப்புவின் ரசீது அடிக்கட்டையில் மட்டுமே.

அயலவர் அவரைப் பழிக்கக்கூடாது. ஜி.எஸ். (கிராம சேவகர்) வந்தால் விசாரித்துவிட்டுத் தானும் ஒரு ரசீது கேட்கட்டும். ஊர் ஒத்துப்போகும்போதுதான் விசித்திரம் பெருகும். வில்லன் இந்தக் கதைக்கு வேண்டாம்.

பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட்டுப் பத்துப் பக்கம் எழுதுங்கள். காலை 6.30 தொடக்கம் 9 மணி வரையும், மாலை 4 மணிக்குப் பின்னும் எடுங்கள். உச்சி வெயிலில் கண்குழி கறுத்து முகபாவம் தெரியாது. கமராவை 12 முதல் 15 அடி தள்ளி முக்காலியில் அசையாமல் வையுங்கள். முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டினால், மதகும் சைக்கிளும் காத்துநிற்கும் ஆட்களும் சட்டகத்தை விட்டுப் போய்விடும். சிரிப்பு அவர்களிடமும் இருக்கிறது. லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) சத்தம் வசனத்தை விழுங்கும் என்பதால் ஒலியை இன்னொரு போனில், அப்புவின் சட்டைப்பையில் வைத்துப் பதியுங்கள். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் ஒருமுறை கைதட்டிவிட்டால் பின்னர் படத்தோடு பொருத்துவது சுலபம்.

தொகுக்கும்போது ஒவ்வொரு பகிடிக்கும் பின்னால் மூன்று வினாடி விடுங்கள். சனசமூக நிலையத்தில் போட்டுப் பாருங்கள். சிரிப்பொலியில் அடுத்த வசனம் கேட்காமல் போகும் இடங்களில் இன்னும் ஒரு வினாடி கூட்டுங்கள்.